யாருக்கும் வைக்காத பெயர்கள்

உங்களில் எத்தனை பேர் சின்ன வயதில் இல்லாத ஓர் ஊருக்குப் போய் வந்திருக்கிறீர்கள்? வெட்கப்படாமல் சொல்லுங்கள். நமக்கெல்லாம் அறுபத்தைந்து தாண்டியாயிற்று. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இனி யாரிடம் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் போயிருக்கிறேன். போன இடத்தின் சட்டத்துக்குப் பயந்து, இங்கே சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அதன் அம்மா ஆபீஸிலிருந்து வரும்வரை என் வீட்டு சோபாதான் அதற்குக் கதி. செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் வைத்திருக்கும். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம். அதில் மலைக்கும் ஆற்றுக்கும் கோட்டைக்கும் யாரும் கேள்விப்படாத பெயர்கள். போன வாரம் அடை வார்த்துக் கொண்டு வைத்துவிட்டு நாலு தடவை கூப்பிட்டேன். காதில் விழவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டு, "ஒரு மினிட் மாமி, ஈ சாப்டர் கழிஞ்சோட்டே" என்றது, இந்த அத்தியாயம் முடியட்டும் என்று. அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். அது சிரித்தது. அதற்கென்ன தெரியும், பாவம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதிமூன்று. மலையாளச் சீமையில், கரமனை அக்ரஹாரத்தில் வீடு. பெரியப்பா, அப்பா, அம்மா, நாங்கள் இருவர், அவ்வளவுதான் குடும்பம். பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். எங்கள் தெருவில் எதற்குப் பஞ்சம் இல்லாவிட்டாலும் பெயருக்குப் பஞ்சம் இருந்தது. தாத்தா பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு என்று அதே ஏழெட்டுப் பெயர்கள் வீடுவீடாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தெருவில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அக்காவுக்கு வைத்தது அப்பாவுடைய அம்மாவின் பெயர். "நடை அப்படியே அவதான்", "மூக்கு அப்படியே அவதான்" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இந்தப் பேரு என்னோடது இல்லைடி. இன்னொருத்தர் உடுத்து அவுத்த பொடவை" என்பாள்.

அந்தக் கோடை விடுமுறையில் அவள் பெயர் செய்ய ஆரம்பித்தாள். ஆமாம், செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மச்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு, எழுத்துகளை வாயில் போட்டு ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் ஒன்றைத் துப்புவாள். உடனே அதற்குப் பரீட்சை. தெருப்பக்க ஜன்னலைத் திறந்து அந்தப் பெயரை உரக்கக் கூவ வேண்டும். யாராவது திரும்பிப் பார்த்தால் பெயர் தோற்றுப்போயிற்று. ஒருநாள் அப்படிக் கூவினபோது, கீழே போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "எந்தா மோளே?" என்று அண்ணாந்தார். அது அவர் வீட்டுப் பெயராம்! நாங்கள் இருவரும் தரையில் உருண்டு சிரித்தோம். அக்கா அந்தப் பெயரை அன்றே அடித்துவிட்டாள். யாருமே திரும்பாத பெயர்தான் அவளுக்கு வேண்டும்.

அப்படித் தேறியவை நாலைந்துதான். தூவரிமா என்பது நாடு. இலூவி அதன் ராணி. அவளுக்குத் தூக்கமே வராது. தூக்கம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. நீழாரன் படகோட்டி, அவளை அக்கரை சேர்க்க வேண்டியவன். ஆற்றுக்கு அடியில் ஊமிரை என்று ஒரு ஜந்து. அது பெயர்களைத் தின்னும். தூவரிமாவின் பெயர்களை வெளியாள் காதில் போட்டால், ஊமிரை அந்தப் பெயரைத் தின்றுவிடும். பெயர் போனவருக்கு அன்றோடு உயிரும் போய்விடும்.

இலூவி அக்கா. நீழாரன் நான்.

அப்பா ஆபீஸிலிருந்து கொண்டு வந்த நீல அட்டை போட்ட நீள நோட்டில் கதையை எழுதினாள். காப்பியிங் பென்சில் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் படியும். அந்தக் கோடை பூரா அக்காவின் உதட்டோரம் ஊதாவாகத்தான் இருந்தது. காலையில் எழுதி, மச்சில் பழைய தொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுவாள். சாயங்காலம் எனக்கு வாசித்துக் காட்டுவாள். அங்கே புளிப்பானையின் வாசனை, எலிப் புழுக்கை வாசனை, கீழே யாரோ சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், வெட்டினால் ஏறி வருகிற அந்தத் தித்திப்பு நெடி. இன்றைக்கும் சக்கைப்பழ வாசனை வந்தால் எனக்குத் துடுப்புப் போடக் கை பரபரக்கும். சிரிக்காதீர்கள், உண்மைதான் சொல்கிறேன்.

நான் முழுக்க அங்கேயே குடியேறிவிட்டேன். ஆற்றுக் கடவில் குளிக்கப் போனால் இடுப்பளவுக்கு மேல் இறங்க மாட்டேன், ஊமிரை காலைப் பிடிக்கும் என்று பயம். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். ஒருநாள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து, "செவி கேக்கலையாடி நோக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். "அது என் பேரில்லை" என்றேன். இன்னொன்று வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. ஓட்டில் கொட்டுகிற சத்தத்தில் அக்கா வாசிப்பது கேட்காது. காதோடு வாய் வைத்து வாசிப்பாள். படகு நடு ஆற்றில் வந்து, துடுப்பு கைநழுவிப் போன இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினாள். "நாளைக்கு" என்றாள். திங்கட்கிழமை காலையில் தலை வலிக்கிறது என்று எழுந்திருக்கவில்லை.

முதல் நாள் சுக்கு அரைத்துப் போட்டார்கள். இரண்டாம் நாள் வைத்தியர் கஷாயம் கொடுத்தார். குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாள். வெளிச்சம் பட்டால் வீலென்று கத்தினாள். ஜன்னலைச் சாத்தி உள்ளறையை இருட்டாக்கினார்கள். புதன்கிழமை பெரியப்பா நெற்றியில் விபூதி இட வந்தபோது, அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு, "நீழாரா, படகைக் கொண்டு வா. இலூவியால முடியலை. நீழாரா!" என்றாள்.

பெரியப்பா திடுக்கிட்டுப் போனார். "யார் பேரு இது? நம்மாத்துல இப்படி ஒரு பேரு கெடையாதே. இந்தத் தெருவிலேயே கெடையாதே" என்றார். அப்பா உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு அண்ணா சொன்னதுதான் வேதம்.

வியாழக்கிழமை ஜோத்ஸ்யர் வந்தார். கூடத்தில் பலகை போட்டுச் சோழிகளை உருட்டினார். உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டார்.

"மனுஷ்யனுக்கு இடற பேரல்ல இது. தேவன்மாருக்கும் இங்ஙனெ ஒரு பேரில்லை. பின்னே ஆருக்கு?" என்றார். அவரே பதிலும் சொன்னார். "சர்ப்பம். ஒண்ணு ஆண், ஒண்ணு பெண். எங்கயாவது காவு வெட்டினது உண்டோ?"

பெரியப்பாவின் முகம் செத்துப்போயிற்று. கல்லாற்றுப் பக்கம் அவர் ஒரு தோட்டம் வாங்கியிருந்தார். மூலையில் மரமும் கொடியும் அடர்ந்த பாம்புக்காவு, உள்ளே இரண்டு நாகக்கல். அந்த வெயில் காலத்தில்தான் மரங்களை வெட்டிக் கல்லை ஓடையில் தள்ளிவிட்டு மரச்சீனிக் கிழங்கு நட்டிருந்தார். யாரும் சொல்லாமலே ஜோத்ஸ்யர் கண்டுபிடித்துவிட்டாரே என்று எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அந்தப் பக்கத்தில் காவு இல்லாத தோட்டம் எது, வாங்கினவன் வெட்டாத காவு எது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது யார் கேட்டார்கள்?

பெரியப்பா கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கண்ணில் நீர் நின்றது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, "நீ அவ கூடவே இருக்கறவளாக்கும். இந்தப் பேரெல்லாம் நோக்குத் தெரியுமோ? அவ எங்கயாவது கேட்டிருப்பாளோ? நெஜத்தைச் சொல்லு, கொழந்தை. ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார்.

அந்தக் கூடத்தை நான் இன்றும் பார்க்கிறேன். ஜோத்ஸ்யர், அப்பா, பெரியப்பா, மூன்று பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். புடவைத் தலைப்பு மட்டும் தெரிகிறது. பெரியப்பா எதிரில் அவள் வரமாட்டாள். புருஷனின் அண்ணாவோடு பேசக் கூடாது என்கிற முறையை நம் வீடுகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளே அக்கா என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நீழாரா, நீழாரா என்று. நான் இங்கே நிற்கிறேன். மூன்று வெளியாள்கள். சொன்னால் ஊமிரை இலூவியைத் தின்றுவிடும். சொல்லாவிட்டால் அக்கா பிழைப்பாள்.

தெரியாது என்று தலையாட்டினேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் ஆட்டினேன். தூவரிமாவுக்காக நான் செய்த ஒரே வீரச்செயல் அது.

"பின்னே சம்சயம் வேண்டா" என்றார் ஜோத்ஸ்யர். நாகக்கல்லைப் பழையபடி பிரதிஷ்டை செய்து, நூறும் பாலும் படைக்க வேண்டும். அதாவது அரிசிமாவும் மஞ்சளும் இளநீரும் பாலும் குழைத்துப் பாம்புகளுக்குக் கொடுப்பது. அதற்கு ஆயில்யம் நட்சத்திரம்தான் நாள். ஆயில்யம் வருவது ஞாயிற்றுக்கிழமை. அதுவரை மருந்து எதுவும் உள்ளே போகக் கூடாது, சர்ப்ப கோபம் இரட்டிக்கும்.

வெள்ளி, சனி. இரண்டு நாள் அந்த இருட்டறையில் அக்கா மஞ்சள் தண்ணீரோடு கிடந்தாள். கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு கிடப்பாள். வெளிச்சம் வேண்டாம் என்று அவள் அழுவது கூட, "பார்த்தியா, பாம்புக்கு வெளிச்சம் ஆகாது" என்று சாட்சியாயிற்று. சனிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் அவள் என்னைக் கூப்பிடவில்லை. பெயர்கள் நின்றுவிட்டன. "கொறைஞ்சிண்டு வரது" என்றார் பெரியப்பா. நானும் நம்பினேன். வாயைத் திறக்காமல் இருந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எனக்குள் பெருமை வேறு. தூ!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பெரியப்பாவும் அப்பாவும் குளித்து ஈர வேட்டியோடு தம்பானூருக்குப் போய் பஸ் பிடித்துக் கல்லாற்றுக்குப் போய்விட்டார்கள். பத்து மணிக்குக் குடையும் சேறுமாக ஒரு டீச்சர் வந்து நின்றாள். அக்காவின் வகுப்பு டீச்சர், மலையாளத்துக்காரி. ஒரு வாரமாகப் பெண் வரவில்லையே, எந்தா விசேஷம் என்று பார்த்துவிட்டுப் போக வந்தவள். உள்ளறைக்குள் போனாள். அக்காவின் தலையைத் தூக்கப் பார்த்தாள். கழுத்து வளையவில்லை, தலையோடு முதுகும் பலகை போல எழுந்து வந்தது. அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கை கால் வெட்டி இழுத்தது.

"தெய்வமே! இதெந்தா இங்ஙனெ கிடத்தியிருக்கறது?" என்று டீச்சர் அலறினாள். அம்மா ஏதோ பாம்பு, ஆயில்யம் என்று ஆரம்பித்தாள். "பாம்புமில்லை, ஒரு மண்ணுமில்லை. குட்டிக்கு மூளைக்காய்ச்சல். என்டெ அனியனுக்கு, தம்பிக்கு, வந்ததாக்கும், எனக்கறியும். எடுக்கூ குட்டியெ!"

அம்மா எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. மழையில், செருப்பு கூட இல்லாமல், பதிமூன்று வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஓடினாள். டீச்சர் முன்னால் ஓடி டாக்சியை நிறுத்தினாள். நான் தெருவில் நனைந்துகொண்டு நின்றேன். அதே நேரத்துக்குக் கல்லாற்றில் பெரியப்பா பாம்புக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்திருப்பார்.

ஏழு வாரம் ஆஸ்பத்திரி. அக்கா திரும்பி வந்தாள். தலை மொட்டை. எலும்பும் தோலும். காது இரண்டும் சுத்தமாகப் போய்விட்டது. தன் குரல் தனக்குக் கேட்காததால் எதையும் ஒரே கத்தலாகச் சொன்னாள். பெரியப்பா கோவிலுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, "சர்ப்பம் உசிரை விட்டுக் குடுத்துது. செவியை எடுத்துண்டுது. அவ்வளவோட போச்சேன்னு சந்தோஷப்படணும்" என்றார். சாகும்வரை மாதாமாதம் ஆயில்யத்துக்குக் கல்லாறு போனார். வெட்டின காவை மறுபடி வளர்த்தும் விட்டார். அந்த மனுஷரிடம் நான் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருக்க மாட்டார், நானும்தான்.

அக்கா வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மச்சுக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் மடியில் வைத்தேன். அவள் மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினாள். ஒன்றிரண்டு வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, வீடே கேட்கும்படி, "யாரோட நோட்டு இது?" என்றாள்.

நான் என்னைக் காட்டினேன், அவளைக் காட்டினேன், துடுப்புப் போடுவது போலக் கையை ஆட்டினேன். அவள் மிரண்டாள். "வேண்டாம், வேண்டாம்" என்று நோட்டைத் தள்ளினாள். அம்மா அடுக்களையிலிருந்து வந்து அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பின்னாலேயே ஓடினேன். வெந்நீர் அடுப்பில் செருகிவிட்டாள். ஈர விறகு, புகைந்து புகைந்துதான் பிடித்தது. நான் அவள் இடுப்பில் மாறி மாறிக் குத்தினேன். அவள் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அது என்னவென்றே தெரியாமல் எரித்துவிட்டாளே என்று அவள் மேல் எனக்கு முப்பத்தாறு வருஷத்துக் கோபம் அன்றைக்கு ஆரம்பித்தது.

அக்கா அப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. கல்யாணமும் இல்லை. கறிகாய் நறுக்குவாள், திரி திரிப்பாள், மீதி நேரம் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காலண்டர் தாளைத் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை. தன் பெயரை எழுதிக் காட்டினால் மட்டும் தலையாட்டுவாள். அந்தப் பாட்டி பெயர், அவளுக்குப் பிடிக்காத பெயர். அவளோடு கடைசியில் அதுதான் நின்றது. பெரியப்பா போனார், அப்பா போனார். நான் கல்யாணமாகிப் புக்ககம் போன பிறகு, அம்மாவும் அவளுமாக அந்த வீட்டில் இருந்தார்கள். நாற்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, மத்தியானம் மூன்று மணி இருக்கும், அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எதிரில் உட்கார்ந்து கொட்டிவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு அக்கா பெனாத்தினதெல்லாம் பாம்புப் பேரு இல்லை. அவ எழுதின கதையில வர்ற பேரு. நேக்குத் தெரியும். பெரியப்பா கேட்டப்போ தெரியாதுன்னு தலையை ஆட்டினேன். நான் சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்டக் கொண்டு போயிருப்பா. அவ காது போயிருக்காது. நான்தாம்மா அவளை..." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அப்புறம் கேட்டாள்: "படகு அக்கரை போச்சோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீழாரன் நடு ஆத்துல நின்னுட்டான். துடுப்பு போயிடுத்து. அதோட நிறுத்தியிருந்தா. மிச்சத்தை உங்கிட்ட வாயாலயாவது சொன்னாளோ?"

படகைப் பற்றியோ நீழாரனைப் பற்றியோ அன்று நான் வாயே திறந்திருக்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் மத்தியானம் தூங்கினதும் மச்சுக்கு ஏறிடுவேன். தெனமும். ஸ்கூல் தொறந்தப்பறம் பகல் முழுக்க என்னோடது. ஒரு வரி விட்டதில்லை."

"அப்போ பெரியப்பா கேட்டப்போ? கதவுக்குப் பின்னாடிதானே நின்னுண்டிருந்தே? அவர்கிட்டப் பேசப்படாது, சரி. அப்பாகிட்ட? அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்." துணியை மடித்துக் கீழே வைத்தாள். "சொன்னா அவா நோட்டைக் கொண்டான்னு வாங்கி அடுப்புல போட்டிருப்பா. அவளை அப்பறம் எழுத விட்டிருக்க மாட்டா. காய்ச்சல்தானே, நாலு நாள்ல எறங்கிடும், எறங்கினதும் மிச்சத்தை எழுதுவா, எழுதட்டும்னு இருந்துட்டேன்."

அறுபத்தெட்டு வயதுக் கிழவி. பெற்ற தாய். நான் கையை ஓங்கிவிட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் ஓங்கினேன். அவள் நகரவில்லை.

"நீ கொழந்தை. நோக்கு ஒம்பது வயசு. நேக்கு முப்பத்திரண்டு" என்றாள். "அடி."

நான் அடிக்கவில்லை. எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் பதினோரு மாதம் அவளோடு நான் பேசவில்லை. அக்காவின் முதல் வருஷத் திவசத்துக்கு முன்பே அவளும் போய்விட்டாள்.